பன்னிரண்டாம் பாரம்

முள்ளரசி பன்னிரண்டாம் பாரத்திலிருந்து இறங்கி வந்த அன்று எங்கள் பட்டறையில் கரண்டு இல்லை, கரண்டு இல்லாததால் காற்றாடி ஓடவில்லை, காற்றாடி ஓடாததால் காகிதம் ஒன்றும் பறக்கவில்லை, அதனால் அவள் தாளுக்குள்ளிருந்து ஒரு காலை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வைத்ததையும், மறு காலை எடுத்து வைத்ததையும், பிறகு குனிந்து தன் கழுதைப்புலியைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்ததையும் நாங்கள் பன்னிரண்டு பேரும் நன்றாகவே பார்த்தோம். வந்தவள் முதலில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "வலிக்கிறது," என்றாள், புத்தகத் தமிழில். நான் எழுந்து போய் என் தைலப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

நான் ராஜகனி, ஏழாம் பாரம். எங்கள் பட்டறை சிவகாசிக்கு வெளியே, எந்நேரமும் வறுத்த பட்டாணியை மென்றுகொண்டிருக்கும் ஒரு முதலாளியுடையது. அவரைப் பட்டாணி முதலாளி என்றால்தான் ஊரில் தெரியும். அச்சாபீசிலிருந்து பெரிய பெரிய தாள் வரும், ஒரு தாளில் பதினாறு பக்கம் இருக்கும், அதை மூன்று தடவை மடித்து மூங்கில் பட்டையால் அழுத்தினால் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைக்கு வந்து உட்காரும், அதற்குப் பாரம் என்று பெயர், பன்னிரண்டு பாரம் சேர்ந்தால் ஒரு நாவல். ஒருத்திக்கு ஒரு பாரம்தான். விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அதே பதினாறு பக்கம், மடிப்போம், அழுத்துவோம், அடுக்குவோம், மடிப்போம், அழுத்துவோம், அடுக்குவோம். கண் சும்மா இருக்குமா, படித்துவிடும். ஆனால் அவரவர் பதினாறு பக்கத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. அதனால் மதியம் சோற்றுவாளியைத் திறந்ததும் கதை கூட்டுவோம்: முதல் பாரக்காரி தன் கதையைச் சொல்லி நிறுத்துவாள், அந்த இடத்தில் இரண்டாம் பாரக்காரி எடுத்துக்கொள்வாள், அப்படியே சுற்றி வந்து, கடைசிப் பாரக்காரி முடித்து வைக்கும்போது தட்டு கழுவ நேரம் சரியாக இருக்கும். படிக்கத் தெரியாத கைகள்தான் புத்தகம் மடிக்கின்றன என்று நினைத்துக்கொண்டு எழுதுகிற ஆட்கள் உண்டு. அப்படி நினைத்த ஒருவரின் கதைதான் இது.

அந்த நாவலின் தாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பதினோரு பாரம்தான் வந்திருந்தது, பன்னிரண்டாவது மறுநாள் வரும் என்றார்கள். பன்னிரண்டாம் பாரக்காரி குருலட்சுமி, எங்களில் சின்னவள், பதினெட்டு வயது, அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றியதால் பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு வந்தவள். மதியம் முதல் பாரக்காரி சண்முகத்தாய் மதினி ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு பிள்ள. பேரு முள்ளரசி. அவுக அம்மா பேச்ச வெண்கல ராசா பறிச்சிட்டுப் போயி, ஒரு சிமிழுக்குள்ள போட்டு அடைச்சிட்டான்."

"மான்கொம்புச் சிமிழு," என்றாள் குருலட்சுமி, சோற்றை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே கையை நிறுத்தி.

சண்முகத்தாய் மதினி தாளை எடுத்துப் பார்த்தாள். மான்கொம்புச் சிமிழ்தான்.

"அடுத்து அவ முள்ளுக்காட்டுக்குள்ள போவா, கருவேலங்கம்ப வளைச்சு வில்லு செய்வா, குட்டி போட்ட கழுதைப்புலிக்குக் காவல் இருந்து அத வசப்படுத்துவா," என்று குருலட்சுமி சொல்லிக்கொண்டே போனாள், அது இரண்டாம் பாரம், மூன்றாம் பாரம், நான்காம் பாரம், அவரவர் தாளில் விரலை வைத்துக்கொண்டு நாங்கள் பார்த்துக்கொண்டே வந்தோம், ஏழாம் பாரத்தில் ஏழு சுவர்க் கோட்டை வரும் என்றாள், வந்தது, நான்காம் சுவரை உப்புத் தண்ணீர் ஊற்றிக் கரைப்பாள் என்றாள், கரைத்திருந்தாள். சோறு காய்ந்துவிட்டது.

"யாரு எழுதுனதுன்னு போட்டிருக்கு மதினி?"

"முனைவர் க. பரமானந்தம்னு போட்டிருக்கு."

அவர் குருலட்சுமி படித்த பள்ளியின் தமிழய்யா. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும்போது இவள் ஏழு நோட்டில் ஒரு கதை எழுதினாள், நூல் கோத்து ஒன்றாகக் கட்டி, முதலில் அவரிடம்தான் காட்டினாள், அவர் பாராட்டி, சென்னையில் காட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்து, சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களம்மா, நோட்டும் தபாலில் தொலைந்துவிட்டது என்றார். இவள் அதை நம்பி, தனக்கு எழுத வராது என்றும் நம்பி, அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. இதை அவள் சொல்லி முடித்தபோது யாரும் தட்டு கழுவப் போகவில்லை.

"கடைசி எப்படி முடியும்? அதச் சொல்லு தாயி," என்றாள் சண்முகத்தாய் மதினி.

"சிமிழ ஒடைப்பா. அம்மா பேச்சு வெளிய வரும். அவன் செஞ்சதையெல்லாம் அந்தப் பேச்சே அவன்கிட்ட சொல்லும். அவன் முட்டி போடுவான். முள்ளரசி அவன எந்திரின்னு சொல்லவே மாட்டா. அதோட கத முடிஞ்சிரும்."

எங்களுக்குத் திருப்தியாக இருந்தது. எத்தனையோ கதைகளைக் கூட்டியிருக்கிறோம், கடைசிப் பாரத்தில் எல்லாரும் எழுந்து கும்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள், இப்படி முடிந்ததே இல்லை.

மறுநாள் பன்னிரண்டாம் பாரம் வந்தது. மடிப்பதற்கு முன்னால் குருலட்சுமி அதைச் சத்தமாக வாசித்தாள். அதில் முள்ளரசி சிமிழை உடைக்கவில்லை. நூற்று எழுபத்தெட்டாம் பக்கத்தில் வெண்கல மன்னனின் காலடியில் மண்டியிட்டு, அறியாப் பெண் நான், என் சினம் என் பேதைமை, மன்னித்தருள வேண்டும் என்று அழுதாள், மன்னன் மன்னித்தான், தன் மகனுக்கே அவளைக் கட்டி வைத்தான், கல்யாணத்துக்கு மறுநாள் அவள் தன் வில்லை ஒடித்து அடுப்பில் வைத்து மாமனாருக்குப் பால் காய்ச்சினாள். அம்மாவின் பேச்சு என்ன ஆனது என்று ஒரு வரிகூட இல்லை. திருடினது போதாதென்று அந்தப் பிள்ளையைக் குனியவும் வைத்திருந்தான் அந்த மனுசன்.

குருலட்சுமி அழவில்லை. தாளைத் தரையில் விரித்தாள், முதல் மடிப்புக்காக ஓரத்தைத் தூக்கினாள், தாள் மடியவில்லை. மறுபடி தூக்கினாள், உள்ளேயிருந்து யாரோ தள்ளினார்கள். அப்போதுதான் முள்ளரசி இறங்கி வந்தாள், முழங்காலில் சிராய்ப்போடு, தோளில் கருவேலம் வில், கையில் ஈட்டி, காட்டில் அலைந்த தலைமுடியோடு, ஆறடிக்குக் குறையாத பெண்.

தைலம் தேய்த்து முடித்ததும் அவள் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்து, "என்னை எழுதியவள் யார்?" என்று கேட்டாள். நாங்கள் கை காட்டினோம். குருலட்சுமி முன்னால் வந்து நின்றாள். இருவர் முகமும் ஒன்று போலவே இருந்தது.

பன்னிரண்டாம் பாரத் தாள்களைப் பார்த்தால், மூவாயிரம் தாளிலும் முள்ளரசி இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. மன்னன் காலடியில் யாரோ மண்டியிட்டார்கள், யாரென்று இல்லை. மன்னன் யாரையோ மன்னித்தான், ஆளைக் காணோம். பட்டாணி முதலாளி வந்து பார்த்து, அச்சுக்காரன் மை பத்தாமல் ஓட்டிவிட்டான் என்று வைதார், பிறகு முள்ளரசியை ஏற இறங்கப் பார்த்து, "சும்மா நிக்கிறதுக்கு மடிக்கப் பழகிக்கோயேன், தாயி," என்றார். அவள் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் முதல் மடிப்பும் இரண்டாம் மடிப்பும் வந்துவிட்டன, மூன்றாம் மடிப்புக்கு மறுநாள் ஆனது. மூங்கில் பட்டை அவள் கைக்குப் போதாமல் ஈட்டியின் அடிக்கட்டையால் அழுத்தினாள்.

முள்ளரசி குருலட்சுமி வீட்டில்தான் தங்கினாள். முதல் நாள் தெருவே வந்து எட்டிப் பார்த்தது, இரண்டாம் நாள் பாதித் தெரு வந்தது, மூன்றாம் நாள் அவள் நைட்டியை மாட்டிக்கொண்டு குடத்தோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றபோது, புதிதாக வந்தவள் பின்னால் போய் நிற்கட்டும் என்று சண்டை போடும் அளவுக்கு ஊருக்குப் பழகிவிட்டாள். அவள் பேச்சும் மாறிவிட்டது, "என்னக்கா, லாரி வருமா வராதா?" என்று கேட்க ஆரம்பித்தாள். கழுதைப்புலியைக் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து ஊசி போட்டு, வயசு என்ன என்று கேட்டார், நான்காம் பாரத்தில் குட்டி போட்டதிலிருந்து கணக்குப் பார்த்துச் சொன்னோம், எழுதிக்கொண்டார். பரோட்டாக் கடையில் மிச்சமான சால்னாவை அது விரும்பித் தின்றது. தெருநாய்கள் நான்கு நாள் குரைத்துவிட்டு ஐந்தாம் நாள் விட்டுவிட்டன.

ஆனால் ஒன்று மாறியது. எங்கள் தெரு ஆம்பளைகள் வேலை விட்டால் நேரே வீட்டுக்கு வந்தார்கள், தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள், யாரும் யாரையும் கை நீட்டவில்லை. பெண்கள் வாசலில் வரிசை கட்டினார்கள். ஒருத்தி தன் நாத்தனாரை ஒரு குத்துக் குத்தச் சொன்னாள், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் மகளின் ஓவியத்துக்கு வேறு பிள்ளை பரிசு வாங்கியதைச் சொன்னாள், சண்முகத்தாய் மதினியே போய், இருபது வருசத்துக்கு முன்னால் தன்னை வேண்டாம் என்று எழுதி அனுப்பிய மாப்பிள்ளை வீட்டாரின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். முள்ளரசி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "என்னைய எழுதுனவ சொன்னாத்தான் என் கை எந்திரிக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

எழுதினவளோ வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, "யக்கா, அய்யாவ ஒருக்கா பாத்துட்டு வருவோமா? கேட்டா ஒத்துக்கிட மாட்டாகளா?" என்றாள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் அவர் மேல் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தது. எனக்கு இல்லை, ஆனாலும் போனேன். முள்ளரசியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனோம்.

தமிழய்யா எங்களை அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். வாத்தியாரம்மா தண்ணீர் கொண்டுவந்தார், அவர் மனைவி, ஊரில் அவரை அந்தப் பெயரில்தான் தெரியும்.

"அய்யா, அது என் கதை," என்றாள் குருலட்சுமி.

"அட, நம்ம நூல உங்க பட்டறையிலதான் மடிக்கிறாகளா? மடிக்கிற பிள்ளைக படிக்கவும் செய்யுமா?" என்று அவர் சிரித்தார். மறுக்கவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீ கொண்டாந்தது மண்ணும்மா. பானை வனைஞ்சது நான்."

"முடிவ மாத்திட்டீங்களே அய்யா."

"பின்ன? ஒரு மன்னன் ஒரு பொட்டப்பிள்ள முன்னால முட்டி போட்டா, படிக்கிற பிள்ளைக மனசு என்னத்துக்கு ஆகும்? அடங்குனாத்தான் அழகு. அதுக்குத்தான் பதிப்பாளர் கையெடுத்துக் கும்பிட்டாரு."

"என் நோட்டு?"

"வெந்நி போட எரிச்சாச்சு," என்றார். டம்ளரை எடுக்க வந்த வாத்தியாரம்மாவின் கை ஒரு நிமிடம் நின்றது, பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "உன் மேல அக்கறை இல்லன்னு நெனச்சிராத. ஞாயித்துக்கெழமை வெளியீட்டு விழாவுக்கு வா. என் பழைய மாணவி, இன்னைக்கு என் நூலையே மடிக்கிற உழைப்பாளின்னு சொல்லி, மேடையில வச்சு உனக்குப் பொன்னாடை போத்துறேன்."

பஸ் ஸ்டாப்வரை நடந்து வந்தோம். வந்ததும், "எனக்கு எழுத வராதுன்னு ரெண்டு வருசமா நம்பிக்கிட்டு இருந்துட்டேன்க்கா," என்றாள். அப்போதுதான் அழுதாள். அழுது முடித்தபோது அந்த மரியாதை அவளிடம் இல்லை, சுத்தமாக இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் முள்ளரசி ஈட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "என்ன செய்யணும்? குத்திரவா?"

"வேணாம். செத்துட்டா நல்லவராயிருவாரு. படத்துக்கு மாலை போட்டு, அவரு பேருல பரிசு வச்சிருவாக." குருலட்சுமி ஒரு தாளை எடுத்து விரித்து, வெள்ளையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தாள். "உன்னைய முட்டி போட வச்ச எடம் இன்னும் காலியாத்தான கெடக்கு?"

"ஆமா."

"அவரே எழுதுன எடம். அவரே போய் இருக்கட்டும்."

முள்ளரசி தாளையும் பார்த்தாள், தன் கையையும் பார்த்தாள். "பெரிய ஆளாச்சே. எத்தன மடிப்பு வரும்?"

"மூணுதான்," என்றாள் குருலட்சுமி. "எந்தத் தாளா இருந்தாலும் மூணுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் விழா. காலி இடத்தோடுதான் மூவாயிரமும் பைண்டிங் ஆகியிருந்தது, தேதி நெருங்கிவிட்டதால் பதிப்பாளர் தமிழய்யாவிடம் கேட்காமலே பரவாயில்லை என்று சொல்லிவிட்டார், யாரும் கடைசிவரை படிக்கப் போவதில்லை என்று அவருக்கும் ஒரு நம்பிக்கை. நாங்கள் பதினோரு பேரும் இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தோம். பேசியவர்கள் எல்லாரும் தமிழய்யாவைப் பெண்ணினத்தின் காவலர் என்றார்கள், பெண்மனத்தின் ஆழம் கண்டவர் என்றார்கள், தாய்மையுள்ளம் கொண்டவர் என்று ஒருவர் சொன்னபோது சண்முகத்தாய் மதினிக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு அவர் மைக்கைப் பிடித்து, உழைப்பாளி என்றும் ஏழைப் பெண் என்றும் சொல்லி குருலட்சுமியை மேடைக்கு அழைத்து, பொன்னாடையை விரித்தார்.

அவள் அதை வாங்கி, மடித்து, மேசை மேல் வைத்தாள்.

"அய்யா, கடைசிப் பாரத்த ஒருக்கா வாசிங்க," என்றாள் மைக்கில். கூட்டம் கை தட்டியது. அவருக்கும் சந்தோசம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூற்று எழுபத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தார். திறந்தவர் அடுத்த பக்கத்தைப் பார்த்தார், முந்தின பக்கத்தைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். வாக்கியம் மட்டும் இருந்தது, வாக்கியத்துக்குள் ஆள் இல்லை.

அப்போது முள்ளரசி வந்தாள். வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்கள் அவளுக்கும் தெளித்து, கற்கண்டு கொடுத்து, சந்தனம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டாள். தாமதமாக வருகிற விருந்தாளிக்கு விடுகிற மாதிரி ஜனங்கள் பிளாஸ்டிக் நாற்காலியை ஒதுக்கி வழி விட்டார்கள், கழுதைப்புலிக்கும் சேர்த்து. அவள் மேடை ஏறினாள். தமிழய்யாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது, அதை நான் சத்தியமாகச் சொல்வேன், ஏழு நோட்டையும் வரி விடாமல் படித்த மனுசனுக்குத் தெரியாமல் இருக்குமா.

"நான் முனைவர்," என்றார் அவர், வேறு ஒன்றும் தோன்றவில்லை போல.

முள்ளரசி அவர் தலையில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்தாள். முதல் மடிப்பு. ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, திருப்பி, இரண்டாம் மடிப்பு. நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி ஒரு சுருக்கம் விழாமல், மூன்றாம் மடிப்பு. மேசை மேல் வைத்து ஈட்டியின் அடிக்கட்டையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தி இழுத்தாள். திறந்து கிடந்த புத்தகத்தில் அவரை வைத்தாள், பிறகு கழுதைப்புலியைத் தட்டிக் கொடுத்து, இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, தானும் அதே பக்கத்தில் காலை எடுத்து வைத்து, ஈட்டியோடு அவருக்கு எதிரே போய் நின்றுகொண்டாள். குருலட்சுமி புத்தகத்தை மூடினாள்.

மண்டபம் முழுக்கப் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. எல்லாருடைய புத்தகத்திலும் இடம் நிரம்பியிருந்தது. முள்ளரசி நின்றாள் என்று இருந்தது. க. பரமானந்தம் மண்டியிட்டான் என்று இருந்தது. எழுதினவளே, என்னை மன்னித்துவிடு என்று அவன் கேட்டான் என்று இருந்தது. அடியில் பதில் ஒன்றும் இல்லை. நன்றியுரை சொல்ல வேண்டியவர் நன்றியுரை சொன்னார், அதன் பிறகு எல்லாருக்கும் கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு அம்மா வந்து விசாரித்தார். ஆள் எங்கே என்று கேட்டார், பக்கத்தைக் காட்டினோம், படித்துப் பார்த்துவிட்டு, இருக்கிற ஆளைக் காணோம் என்று எப்படி எழுதுவது என்று கேட்டு, தன் மகளுக்கென்று ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு போனார். மூவாயிரமும் பத்து நாளில் போய்விட்டது. பதிப்பாளர் ஓடி வந்தார், இரண்டாம் பதிப்பு ஐயாயிரம் என்றார், அட்டையில் என்ன பெயர் போடட்டும் என்று குருலட்சுமியையே கேட்டார், என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்றாள்.

இரண்டாம் பதிப்பின் பன்னிரண்டாம் பாரத்தை மடிக்கும்போதுதான் அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரிய வந்தது. மூன்றாம் மடிப்பை அழுத்தும்போது தாளுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு முனகல் வரும். ஒவ்வொரு தாளுக்கும் வரும். ஐயாயிரம் தாள்.

அது எப்படியோ ஊருக்குள் தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர் வந்தார், பெற்றோர் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், கோயில் தர்மகர்த்தா தேங்காய் பழத்தோடு வந்தார். பரீட்சை வருகிறது, தமிழ் எடுக்க ஆளில்லை, போதும் என்றார்கள். படித்த மனிதர், இவ்வளவு தண்டனை போதாதா என்றார்கள். ஒரு வார்த்தை எழுதினால் அவர் எழுந்துவிடுவார், அந்த ஒரு வார்த்தை உன் கையில்தானே இருக்கிறது என்றார்கள். நோட்டு எரிந்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று குருலட்சுமி ஒரு வாரம் கேட்டாள்.

அந்த வாரம் அவள் கை மெதுவாகிவிட்டது. மூன்றாம் மடிப்புக்கு முன்னால் நிறுத்தி நிறுத்தி மடித்தாள். "யக்கா, நெசமாவே போதுமோ?" என்றாள் என்னிடம். எனக்குப் போதாது, இருபது பதிப்பு போனாலும் போதாது, ஆனால் கதை என்னுடையது இல்லையே. "ஓம் மனசு என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டேன். எழுதுகிற பிள்ளை, யார் முனகினாலும் அது காதில் விழத்தான் செய்யும்.

ஏழாம் நாள் மதியம் வாத்தியாரம்மா வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. நாங்கள் சோற்றுவாளியை மூடிவிட்டு எழுந்தோம். தர்மகர்த்தா வந்தால் இல்லை என்று சொல்லிவிடலாம், கட்டினவள் வந்து கேட்டால் என்ன சொல்வது. குருலட்சுமி அந்த ஒரு வார்த்தையை எழுதப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டாள், நான் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது, கூடவே அந்தப் பிள்ளையை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

வாத்தியாரம்மா பையிலிருந்து தடியான ஒரு புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கருப்பு அட்டை, பொன் எழுத்து, க. பரமானந்தம் என்ற பெயர்.

"முனைவர் பட்டத்துக்கு அவுக குடுத்த ஆய்வு," என்றார். "நானூத்தி பன்னெண்டு பக்கம். அஞ்சு வருசம் லைப்ரரி லைப்ரரியா அலைஞ்சது நான். ராவும் பகலும் எழுதுனது நான். ஒரு கண்ணுல பார்வை மங்குனதும் எனக்குத்தான். பட்டம் வாங்குன விழாவுல எனக்கும் ஒரு பொன்னாடை போத்துனாரு, வாய்க்கு ருசியா சமைச்சுப் போட்டவன்னு சொல்லி."

வாத்தியாரம்மா அந்தப் பொன் எழுத்தை விரலால் தடவினார்.

"என் கையெழுத்துல இருந்ததையெல்லாம் அவுகதான் எரிச்சாக. வெந்நி போடத்தான். உன் நோட்ட எரிச்சேன்னு அன்னைக்கு சொன்னாகள்ல, அப்பத்தான் எனக்கு என்னோடது ஞாபகம் வந்துச்சு, இல்லன்னா மறந்தே போயிருந்தேன் தாயி."

"அவர விடச் சொல்லித்தான் வந்தீகன்னு நெனச்சேன்மா," என்றாள் குருலட்சுமி.

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாக. அதான் நேர்ல வந்தேன்."

குருலட்சுமி அந்தப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்க பேரு என்னம்மா?"

"அமிர்தவல்லி," என்றார் அவர். அந்தப் பெயரைச் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, இரண்டாம் தடவைதான் தெளிவாக வந்தது.

குருலட்சுமி பேனாவை மூடி வைத்தாள். நகர்ந்து இடம் விட்டாள். அமிர்தவல்லியம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், பன்னிரண்டாம் பாரத்தில் ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள் குருலட்சுமி, முதல் மடிப்பைக் காட்டிக் கொடுத்தாள், இரண்டாம் மடிப்பைக் காட்டிக் கொடுத்தாள், அந்தம்மாவுக்கு மூன்றாம் மடிப்பு கோணலாக விழப் பார்த்தபோது, மூங்கில் பட்டையைக் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்துச் சரியான இடத்துக்கு நகர்த்தினாள்.

"இங்க அழுத்துங்கம்மா," என்றாள். "இங்கதான் அவரு முட்டி வருது."

அமிர்தவல்லியம்மா அழுத்தினார்.